உள்ளியும் பிரஷரும்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரஷர் குளிசை வாங்க பாமசிக்கு வருகிறவர்கள், காசைக் கொடுத்துவிட்டுப் போகிற போக்கில் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு. "உள்ளி சாப்பிட்டால் இதெல்லாம் தேவையில்லையாமே?" பின்னால் வரிசை நிற்கும்போது அதற்கு ஒழுங்காகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். அவசரமாக வாசிப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உள்ளி (பூண்டு) தாராளமாகச் சாப்பிடுங்கள், குளிசையை மட்டும் நிறுத்தாதீர்கள். நேரம் இருப்பவர்கள் மேலே வாசிக்கலாம்.

உள்ளி பிரஷரைக் குறைக்கும் என்பது உண்மையா, சும்மா பேச்சா?

உண்மைதான், ஆனால் ஓரளவுக்குத்தான். 2020இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, உயர் பிரஷர் உள்ள 553 பேரிடம் நடந்த 12 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தது. மேல் எண் சராசரியாக 8 புள்ளியும் கீழ் எண் 5 புள்ளியும் சொச்சம் குறைந்திருந்தது. ஒரு பிரஷர் குளிசை செய்கிற வேலைக்கு இது கிட்டத்தட்டப் பக்கத்தில் வருகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் இதற்குள் மூன்று விஷயங்கள் இருக்கின்றன. முதலாவது, அந்த ஆய்வுகளில் பெரும்பாலும் கொடுக்கப்பட்டது அளவு பார்த்துச் செய்த உள்ளித்தூள் குளிசையும், மாதக்கணக்கில் பதப்படுத்திய உள்ளிச் சாறும்தான். நம் வீட்டுச் சொதியில் மிதக்கிற உள்ளி அல்ல. இரண்டாவது, ஏற்கெனவே பிரஷர் கூடியவர்களுக்குத்தான் இந்த அளவு இறங்கியது. சாதாரண பிரஷர் உள்ளவர்களில் பெரிய மாற்றம் இல்லை. மூன்றாவது, சில ஆய்வுகளுக்கு உள்ளிக் குளிசை செய்கிற கம்பனிகளே உதவி செய்திருக்கின்றன. அதற்காக முடிவு பொய் என்றாகிவிடாது, ஆனாலும் கொஞ்சம் தள்ளி நின்று பார்ப்பது நல்லது.

எல்லாவற்றையும் விட முக்கியமான கேள்வி, உள்ளி மாரடைப்பையும் பாரிசவாதத்தையும் தடுக்கிறதா என்பது. பிரஷருக்கு மருந்து எடுப்பதே அதற்காகத்தானே, மெஷினில் அழகான எண் பார்ப்பதற்காக இல்லை. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டிச் சீர்தூக்கிப் பார்க்கிற கொக்ரேன் அமைப்பின் ஆய்வாளர்கள் 2012இல் இதைத் தேடிப் பார்த்தார்கள். தரமான ஆய்வு என்று அவர்களுக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு. அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்று முடித்துவிட்டார்கள். பிரஷர் குளிசைகளைப் பொறுத்தவரை, அவை பாரிசவாதத்தையும் மாரடைப்பையும் குறைக்கின்றன என்பது பல்லாயிரம் பேரிடம் பல வருடங்கள் பார்த்து நிரூபிக்கப்பட்ட விஷயம்.

8 புள்ளி என்பது பெரிதா சிறிதா?

உங்கள் எண் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது. 142 இருக்கிறவருக்கு 134 ஆனால் நல்ல விஷயம். 170 இருக்கிறவருக்கு 162 ஆனால், அவர் இன்னும் ஆபத்தில்தான் இருக்கிறார்.

உள்ளிக்குள் அப்படி என்ன இருக்கிறது?

முழு உள்ளியைக் கையில் எடுத்து மணந்து பாருங்கள், பெரிதாக மணக்காது. அதையே அம்மியில் வைத்து ஒரு தட்டுத் தட்டினால் வீடே மணக்கும். உள்ளிக்குள் அல்லீன் என்ற பொருள் ஒரு அறையிலும், அல்லினேஸ் என்ற நொதி இன்னொரு அறையிலும் இருக்கின்றன. நசுக்கும்போது சுவர் உடைந்து இரண்டும் கலக்கின்றன. அப்போது உண்டாவதுதான் அல்லிசின். அந்தக் காரமும் மணமும் அதனுடையவை.

அல்லிசின் நிலையாக நிற்காது, சீக்கிரமே வேறு கந்தகச் சேர்மங்களாக மாறிவிடும். நம்முடைய சிவப்பு இரத்த அணுக்கள் அவற்றிலிருந்து மிகச் சிறிய அளவில் ஐதரசன் சல்பைட்டு வாயுவை உண்டாக்குகின்றன என்று 2007இல் ஆய்வுகூடத்தில் காட்டினார்கள். அந்த வாயு இரத்தக் குழாயின் சுவரில் உள்ள தசையைத் தளர்த்தும். குழாய் விரிந்தால் அழுத்தம் குறையும். அழுகிய முட்டை மணக்குமே, அதே வாயுதான்.

பச்சையாகச் சாப்பிட வேண்டுமா, சமைத்தால் போதுமா?

இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. அந்த நொதி சூடு தாங்காது. முழுப்பல்லை அப்படியே கொதிக்கிற கறிக்குள் போட்டால், அல்லிசின் உருவாக முதலே நொதி செத்துவிடும். மீன்குழம்பில் வெந்து மெத்தென்று வருகிற முழு உள்ளி ருசிதான், மறுக்கவில்லை. ஆனால் மருந்துக்குணம் குறைவு.

செய்ய வேண்டியது சின்ன வேலை. சமையல் தொடங்க முதலே உள்ளியை உரித்து, நசுக்கி அல்லது பொடியாக வெட்டி, பலகையிலேயே பத்து நிமிடம் விடுங்கள். அந்த நேரத்தில் தேங்காய் துருவலாம், வெங்காயம் வெட்டலாம். அதற்குள் அல்லிசின் உருவாகிவிடும், பிறகு சூடு பட்டாலும் ஓரளவு மிஞ்சும். சொதிக்கும் ரசத்துக்கும் என்றால் இறக்குகிற நேரத்தில் போடுவது இன்னும் நல்லது. தேங்காய்ச் சம்பல் இடிக்கும்போது ஒரு பல் பச்சை உள்ளியும் சேர்த்து இடித்தால் சூடே படுவதில்லை, சாப்பிடுவதும் சுகம்.

உள்ளியைக் கறுக்க வதக்கினால் பலனும் இல்லை, ருசியும் இல்லை.

ஒரு நாளைக்கு எத்தனை பல்? வெறும் வயிற்றில்தான் எடுக்க வேண்டுமா?

ஒன்று அல்லது இரண்டு பல் போதும். ஆய்வுகளில் கொடுத்த உள்ளித்தூள் பெரும்பாலும் நாளுக்கு 600 முதல் 900 மில்லிகிராம். உள்ளியில் பாதிக்கு மேல் தண்ணீர் என்பதால், பச்சையாகக் கணக்குப் பார்த்தால் அது ஒரு சிறிய பல் அளவுதான் வரும். "ஒரு முழு உள்ளியையும் விடியவே விழுங்கினேன், நெஞ்சு பத்துது" என்று வருகிறவர்கள் இருக்கிறார்கள். பத்தாமல் என்ன செய்யும்?

வெறும் வயிற்றில் எடுத்தால்தான் வேலை செய்யும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காஸ்ட்ரிக் இருப்பவர்கள் அப்படி எடுக்கவே கூடாது. சாப்பாட்டோடு எடுங்கள்.

சைனா உள்ளியில் சத்து இல்லையாமே?

நம் சந்தைக்கு வருகிற உள்ளியில் பெரும்பகுதி சீனாவிலிருந்துதான் வருகிறது. பல் பெரிது, உரிக்கச் சுலபம். சின்னப் பல் உள்ளியில் காரம் கூட இருக்கலாம். ஆனால் இறுக்கமாக, முளைவிடாமல், பூஞ்சணம் பிடிக்காமல் இருக்கிறதா என்று பார்த்து வாங்கினால் எதுவும் சரி. இதற்காகக் கடை கடையாக அலைய வேண்டாம்.

உள்ளி சாப்பிடத் தொடங்கிக் குளிசையை நிறுத்தினேன். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் பிரஷர் நோர்மல். அப்படியென்றால் உள்ளி வேலை செய்கிறதுதானே?

இந்தக் கேள்விக்காகத்தான் மற்றக் கேள்விகளையும் சேர்த்து எழுதினேன் என்றே சொல்லலாம்.

கிளினிக்கில் நிறையப் பேருக்குக் கொடுக்கிற அம்லோடிபின் குளிசை, உடம்பிலிருந்து மெதுவாகத்தான் வெளியேறும். எடுத்த மருந்து பாதியாகக் குறையவே 30 முதல் 50 மணித்தியாலம் ஆகும். ஆகவே திங்கட்கிழமை நிறுத்திவிட்டுப் புதன்கிழமை பார்த்தால், ஞாயிற்றுக்கிழமை வரை போட்ட குளிசைகளின் மிச்சம் இன்னும் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் மெஷினில் பார்த்தது பழைய குளிசையின் வேலை, பெயர் உள்ளிக்குப் போய்விட்டது. ஒரு கிழமை, இரண்டு கிழமை கழித்து எண் மெல்ல ஏறும். அதற்குள் "எனக்குச் சுகம் வந்துவிட்டது" என்று அக்கம்பக்கத்தில் எல்லாம் சொல்லி முடித்திருப்பீர்கள், பிறகு மெஷின் பக்கமே போக மாட்டீர்கள்.

பிரஷருக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. 180க்கு ஏறினாலும் பலருக்குத் தெரியாது. கடலுக்குப் போய் வருவார், வயலில் நிற்பார், மரக்கறிச் சந்தையில் பேரம் பேசுவார். அந்த நேரத்திலும் இருதயமும் சிறுநீரகமும் அடி வாங்கிக்கொண்டுதான் இருக்கும்.

சில குளிசைகளைத் திடீரென்று நிறுத்துவது இன்னும் ஆபத்து. அட்டெனோலோல் போன்றவற்றைச் சட்டென்று விட்டால் நெஞ்சு படபடத்து, இருதய வருத்தம் உள்ளவருக்கு மாரடைப்பு வரை போகலாம். குளோனிடினை நிறுத்தினால் பிரஷர் முன்பிருந்ததைவிட மேலே பாயும்.

உள்ளி சாப்பிட்டு, உப்பைக் குறைத்து, நடந்து, உடம்பு மெலிந்து பிரஷர் உண்மையாகவே இறங்கினால், குளிசையைக் குறைக்கலாம். அதை டொக்டர்தான் செய்ய வேண்டும். பலர் சொல்லப் பயப்படுகிறார்கள், டொக்டர் ஏசுவார் என்று. ஏசினால் ஏசட்டும், கிளினிக் கொப்பியையும் வீட்டில் எழுதிய எண்களையும் காட்டிக் கதையுங்கள்.

அப்புறம், அடுத்த கிளினிக் திகதிக்கு முன் குளிசை முடிந்துவிட்டால் "அதுவரைக்கும் உள்ளியோடு சமாளிப்போம்" என்று இருக்க வேண்டாம். கொப்பியைக் கொண்டுவந்தால் அந்த இடைவெளிக்குத் தேவையானதை மட்டும் பாமசியில் வாங்கலாம். ஒரு கிழமைக்கானதை மட்டும் வாங்குவதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

எந்தெந்த மருந்தோடு உள்ளி கவனம்?

லொசார்டன், அம்லோடிபின், எனலாப்ரில் போன்ற வழக்கமான பிரஷர் குளிசைகளோடு, கறியில் போடுகிற அளவு உள்ளியால் பிரச்சினை இல்லை.

கவனம் வேண்டியது இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்களுக்கு. வோபரின் எடுப்பவர்கள், குளோபிடோகிரலும் அஸ்பிரினும் சேர்த்து எடுப்பவர்கள், உள்ளிக் கப்சூலோ நாள்தோறும் பச்சை உள்ளியோ தொடங்க முதல் கட்டாயம் கேட்க வேண்டும். இரத்தத் தட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டுவதை உள்ளியும் கொஞ்சம் தடுக்கும். அளவுக்கு மிஞ்சி உள்ளி தின்ற ஒரு முதியவருக்கு முள்ளந்தண்டுக்குள் தானாக இரத்தம் கசிந்ததை 1990இல் மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியிருந்தார்கள். அரிதான விஷயம்தான், ஆனால் நடந்தது.

எச்ஐவிக்கான சகுயினாவிர் என்ற மருந்தின் அளவை உள்ளிக் கப்சூல் இரத்தத்தில் பாதியாகக் குறைத்துவிடும் என்றும் ஆய்வு இருக்கிறது. அந்த வகை மருந்து எடுப்பவர்கள் கப்சூல் பக்கம் போகக் கூடாது.

ஒப்பரேஷன் என்றாலும் பல் பிடுங்குவது என்றாலும் குறைந்தது ஒரு கிழமைக்கு முன் உள்ளிக் கப்சூலையும் பச்சை உள்ளியையும் நிறுத்திவிட்டு, டொக்டரிடம் அதைச் சொல்லுங்கள். "வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா" என்று கேட்கும்போது யாரும் உள்ளியை மருந்தாக நினைத்துச் சொல்வதில்லை.

பாமசியில் விற்கிற உள்ளிக் கப்சூல் வாங்கலாமா?

விற்கிறவன் நான்தான், இருந்தாலும் சொல்கிறேன்: எல்லாக் கப்சூலும் ஒன்றல்ல. உள்ளித்தூள், பதப்படுத்திய சாறு, உள்ளி எண்ணெய் என்று மூன்று வகை உண்டு. பிரஷரில் ஓரளவு ஆதாரம் இருப்பது முதல் இரண்டுக்கும்தான். கடைகளில் அதிகம் கிடைப்பது எண்ணெய் நிரப்பிய மெத்தென்ற கப்சூல். பெட்டியில் எந்த வகை, எத்தனை மில்லிகிராம் என்று பார்த்து வாங்குங்கள். மாதச் செலவைக் கணக்குப் பார்த்தால் குடும்பத்துக்கே மரக்கறி வாங்கலாம் என்று எனக்குத் தோன்றும், அது உங்கள் விருப்பம்.

தேனில் அல்லது எண்ணெயில் ஊறவைத்து மாதக்கணக்கில் வைக்கலாமா?

எண்ணெயில் வேண்டவே வேண்டாம். மண்ணுக்குள் விளைகிற உள்ளியில் பொட்டுலிசம் என்ற நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம். காற்றுப் படாத எண்ணெய்க்குள், நம்முடைய ஊர் வெக்கையில், அது பெருகும். மணமும் மாறாது, நிறமும் மாறாது. 1985இல் கனடாவின் வான்கூவரில் எண்ணெயில் போட்ட உள்ளியால் 36 பேர் நோயாளியானார்கள். தேனில் போடுவது என்றால் அன்றன்றைக்குக் கலந்து சாப்பிடுங்கள். சீனி வருத்தம் உள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம்.

உள்ளி ஊறுகாய் சாப்பிட்டால் உள்ளியின் பலன் கிடைக்கும்தானே?

உள்ளி ஒரு பல், உப்பு ஒரு கரண்டி. இதில் எது வெல்லும் என்று நினைக்கிறீர்கள்?

உப்பைப் பற்றி யாரும் என்னிடம் கேட்பதில்லை, ஆகவே இங்கேயே சொல்லிவிடுகிறேன். உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு, அதாவது தட்டையாக எடுத்த ஒரு தேக்கரண்டி. பாணில் இருக்கிற உப்பும், கறியில் இருக்கிற உப்பும், கருவாட்டில் இருக்கிற உப்பும் அந்த ஒரு கரண்டிக்குள் அடங்க வேண்டும். கருவாடு பொரித்து, மாசிச் சம்பல் வைத்து, அப்பளமும் மோர்மிளகாயும் பக்கத்தில் வைத்தால் மத்தியானச் சாப்பாட்டோடேயே கணக்கு முடிந்தது. கடற்கரை ஊரில் இருந்துகொண்டு கருவாடு சாப்பிடாதே என்று சொல்ல எனக்கு வாய் வராது. கிழமையில் ஒருநாள் சாப்பிடுங்கள். சுடுதண்ணீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரை ஊற்றிவிட்டு, இன்னொருமுறை கழுவுங்கள். அந்தக் கறிக்குத் தனியாக உப்புப் போடாதீர்கள். பச்சைமீன் கரைக்கு வருகிற நாட்களில் அதற்கே போய்விடுங்கள்.

பிரஷர் உள்ளவர்கள் நாளுக்கு 4 கிராம் சொச்சம் உப்பைக் குறைத்தபோது மேல் எண் 5 புள்ளி அளவில் இறங்கியது என்று ஆய்வுகள் காட்டுகின்றன. உள்ளியின் பலனுக்கு இது பெரிதாகக் குறைந்ததல்ல, காசும் மிச்சம். உப்பைக் குறைத்த கறி சப்பென்று இருந்தால் அங்கேதான் உள்ளிக்கு உண்மையான வேலை. உள்ளி, தேசிக்காய்ப்புளி, மிளகு, கறிவேப்பிலை நான்கும் இருந்தால் உப்புக் குறைந்தது நாக்குக்குத் தெரியாது. உள்ளியால் பிரஷர் இறங்குகிற வழிகளில் எனக்கு அதிக நம்பிக்கை இதில்தான்.

பிரஷர்காரருக்கான உப்பு என்று விற்கிற பொட்டாசியம் உப்பை மட்டும் கேட்காமல் வாங்காதீர்கள். லொசார்டன், எனலாப்ரில் எடுப்பவர்களுக்கும் சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கும் இரத்தத்தில் பொட்டாசியம் ஆபத்தாக ஏறலாம்.

விரத நாளில் உள்ளி சேர்ப்பதில்லை. இடையில் விட்டால் பிழையா?

பிழையே இல்லை. வெள்ளிக்கிழமையோ கந்தசஷ்டியோ, உள்ளி இல்லாத நாட்கள் இருக்கட்டும். குளிசைக்கு மட்டும் விரதம் கிடையாது, கொஞ்சம் தண்ணீரோடு விழுங்குங்கள். ரமழான் நோன்பு பிடிப்பவர்கள் நோன்பு தொடங்க முதலே டொக்டரிடம் கேட்டால், பெரும்பாலான குளிசைகளை நோன்பு துறக்கும் நேரத்துக்கோ சஹருக்கோ மாற்றித் தருவார்கள்.

சித்த வைத்தியரிடம் போகலாமா?

போகலாம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திலேயே சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகக் கற்பிக்கிறார்கள், பதிவு பெற்ற வைத்தியர்களுக்கு இங்கே குறைவில்லை. கிளினிக் கொப்பியை அவரிடம் காட்டுங்கள், அவர் கொடுத்ததைக் கிளினிக்கில் காட்டுங்கள். ஒருவருக்குத் தெரியாமல் மற்றவரிடம் மருந்து எடுப்பதில்தான் வினை வருகிறது.

உள்ளியை நசுக்கிப் பாதத்தில் கட்டினால் பிரஷர் இறங்குமாமே?

இறங்காது. தோல் வெந்து கொப்பளம் வரும். சீனி வருத்தமும் சேர்ந்து இருப்பவருக்கு அந்தக் கொப்பளம் புண்ணாகி, கால் வரை பிரச்சினையாகலாம்.

கர்ப்பிணிகள்?

சாப்பாட்டு அளவில் உள்ளி சேர்க்கலாம், கப்சூல் வேண்டாம். கர்ப்பகாலத்தில் பிரஷர் ஏறினால் கைவைத்தியம் பார்க்கிற நேரம் அதுவல்ல, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

வாய் நாற்றத்துக்கு என்ன செய்வது?

பல் தீட்டிப் பலனில்லை. அந்த மணம் இரத்தத்தில் கலந்து சுவாசத்தோடு வருகிறது. உள்ளியோடு சேர்த்து ஒரு கிளாஸ் பால் குடித்தாலோ, புதினா இலை மென்றாலோ குறையும். வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டால் யாருக்கும் தெரியாது.

எனக்கு உள்ளி ஒத்துவருகிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

வீட்டில் அளந்து எழுதுங்கள். மணிக்கட்டில் கட்டுகிற மெஷினைவிட மேல்கையில் கட்டுவது நம்பகமானது. தேத்தண்ணி குடித்து அரை மணித்தியாலமாவது போகட்டும். கதிரையில் முதுகு சாய்த்து, பாதங்களைத் தரையில் வைத்து, ஐந்து நிமிடம் கதைக்காமல் இருங்கள். கையை மேசையில், நெஞ்சு மட்டத்துக்கு வையுங்கள். இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். வெயிலில் சைக்கிள் ஓடிவந்து பாமசி வாசலில் நின்றபடி கையை நீட்டினால் வருவது உங்கள் பிரஷர் அல்ல.

வீட்டில் 135/85க்குக் கீழே இருந்தால் நல்லது. உள்ளி தொடங்க முதல் ஒரு கிழமை எண்களை எழுதி வைத்திருந்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். ஆய்வுகளே 8 முதல் 12 கிழமை வரை பார்த்துத்தான் முடிவு சொன்னவை. நாலாம் நாளில் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

அப்பாவுக்கு பிரஷர் 200 காட்டுகிறது, வாய் கோணுகிறது. உடனே உள்ளி கொடுக்கலாமா?

கூடாது. வாயில் எதையுமே கொடுக்கக் கூடாது, தண்ணீரும் புரைக்கேறலாம். குளிசையை உடைத்து நாக்குக்குக் கீழே வைக்கிற பழைய பழக்கமும் வேண்டாம், பிரஷர் சடாரென்று விழுந்தால் மூளைக்கு இன்னும் கேடு.

முகம் ஒரு பக்கம் இழுப்பது, ஒரு கை தூக்க முடியாமல் போவது, பேச்சுக் குளறுவது, நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், திடீரென்று பார்வை மங்குவது, இவற்றில் ஒன்று இருந்தாலும் 1990க்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். மயங்கினால் ஆளைப் பக்கவாட்டில் படுக்க வையுங்கள். எடுக்கிற குளிசைகளையும் கிளினிக் கொப்பியையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். தெரியாவிட்டால் கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதைச் சொல்லுங்கள். பாரிசவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசியை, வருத்தம் தொடங்கி வழக்கமாக நாலரை மணித்தியாலத்துக்குள்தான் போட முடியும், டொக்டர்கள் முதலில் கேட்பதும் அந்த நேரத்தைத்தான்.